சுகமான வாகனமா? சுமையான வாகனமா?



திண்டிவனத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியுள்ளார். அவருடைய கணவர் வளைகுடாவில் 16 ஆண்டுகள் உழைத்து ஊர் திரும்பியிருக்கிறார். கையிருப்பு 14 லட்சம் ரூபாய். அதில் 9 லட்சத்தைக் கொடுத்துப் பத்தாண்டு பழைய பி.எம்.டபிள்யூ டீசல் கார் ஒன்றை வாங்க எண்ணுகிறாராம். "புதிதாக வாங்கினால் அரைக் கோடிக்கு மேலாகும் வண்டி, 9 லட்சத்திற்குக் கிடைக்கிறதே!" என்று மகிழ்கிறாராம். மூத்த மகளின் கல்லூரிப் படிப்போ இன்னும் மூன்றாண்டுகள் உள்ளது. "இது வீண்விரயம் ஆகாதா?" என்று சகோதரி வினவுகிறார்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்துவோம். நல்ல வாகனத்தை விரும்புவது குற்றமன்று. நல்ல மனைவி, விசாலமான இல்லம், நல்ல அண்டை வீட்டார், சுகமான வாகனம் ஆகிய நான்கும் மனிதனின் நற்பேறுகள் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதாக இப்னு ஹிப்பானில் பதிவாகியுள்ளது. ஆனால் அதே ஹதீஸில் கெட்ட வாகனம் துர்ப்பேறுகளுள் ஒன்றாகவும் எண்ணப்பட்டுள்ளது. ஆகவே நாம் ஆராய வேண்டியது வண்டியின் பெயரை அன்று. அது நமக்குச் சுகமாகுமா, சுமையாகுமா என்பதையே.

பத்தாண்டுகளில் வண்டியின் விலை ஐந்தில் ஒரு பங்காகக் குறையலாம். ஆனால் அதன் உதிரிபாகங்களின் விலை அவ்வாறு குறைவதில்லை. 9 லட்சத்திற்கு வாங்கியவரும், அரைக் கோடி வண்டிக்குரிய உதிரிபாக விலையைத்தான் கொடுத்தாக வேண்டும். மலிவாகக் கிடைப்பதன் இரகசியமே இதுதான். முதல் உரிமையாளர் இன்பத்தை அனுபவித்துவிட்டார். பழுதுச் செலவு தொடங்கும் வேளையில் விற்கிறார்.

எவ்வகைப் பழுதுகள்? 2007-இல் அறிமுகமான 'என்47' என்னும் பி.எம்.டபிள்யூ டீசல் என்ஜினை எடுத்துக்கொள்வோம். 320டி, 520டி வண்டிகள் பலவற்றில் இதுவே பொருத்தப்பட்டது. இதன் டைமிங் செயின் என்ஜினின் பின்புறம், கியர்பாக்ஸை ஒட்டி அமைந்துள்ளது. செயின் தேய்ந்தால் உள்ளிருந்து கரகரப்பு எழும். அறுந்தாலோ என்ஜினே பாழாகலாம். அதை மாற்றுவதற்குப் பெரும்பாலும் என்ஜினையே கீழே இறக்க வேண்டும். செலவு லட்சக் கணக்கில் ஆகும்.

மெர்சிடிஸ் எஸ் கிளாஸ், ஆடி க்யூ7 போன்றவற்றில் இரும்புச் சுருளுக்குப் பதில் காற்றுப் பையின் மீது வண்டி நிற்பதுண்டு. ரப்பர் முதிர்ந்து காற்றுக் கசிந்தால், அதை ஈடுகட்ட கம்ப்ரஸர் ஓயாமல் ஓடி அதுவும் எரிந்துபோகும். ஒரு சக்கரத்திற்குரிய அசல் பாகமே லட்சம் ரூபாயைத் தாண்டக்கூடும். காலையில் வண்டி ஒருபுறம் சாய்ந்து நின்றால் இந்நோய் தொடங்கிவிட்டதென்று அறிக. தானியங்கி கியர்பாக்ஸின் எண்ணெய் ஆயுள் முழுவதும் போதுமென்று சிலர் கூறுவர். ஆனால் அதைத் தயாரிக்கும் இசட்.எஃப். நிறுவனமோ 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் மாற்றுமாறு பரிந்துரைக்கிறது. மாற்றிய சான்று இல்லாத வண்டியில் கியர் தடுமாற்றத்தை எதிர்பார்க்கலாம்.

விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ வாழ்வோர்க்கு இன்னொரு சுமையும் உண்டு. இவ்வண்டிகளின் கோளாறைக் கண்டறியத் தனிக் கணினிக் கருவி வேண்டும். நம் ஊர் மெக்கானிக் கைத்திறன் மிக்கவராயினும் அக்கருவி இன்றேல் என் செய்வார்? சென்னையோ விழுப்புரத்திலிருந்து ஏறத்தாழ 160 கி.மீ. தானியங்கி கியர் வண்டியைக் கயிறு கட்டி இழுத்துச் செல்லலாகாது. ரெக்கவரி லாரியில் ஏற்றியே அனுப்ப வேண்டும். பி.எம்.டபிள்யூ வண்டிகள் பலவற்றில் ஸ்டெப்னியும் கிடையாது. அவற்றின் ரன் ஃபிளாட் டயர் ஒன்றே 15,000 ரூபாயைத் தாண்டுவது சாதாரணம்.

இனி வெள்ளத்தில் நனைந்த வண்டிகளைப் பற்றிப் பேசியாக வேண்டும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியதை நாம் மறக்கவில்லை. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னை மூழ்கியது. இத்தகைய வெள்ளங்களில் நனைந்த வண்டிகள் கழுவித் துடைக்கப்பட்டுச் சந்தைக்கு வருவதுண்டு. சொகுசுக் கார்களில் மின்கம்பிகளும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளும் தரைவிரிப்புக்கும் இருக்கைக்கும் அடியில் இருப்பதால், மேலே பளபளக்கும் வண்டி மாதங்கள் கழித்து உள்ளே அரித்துச் செயலிழக்கும்.

மதீனாவின் கடைத்தெருவில் தானியக் குவியல் ஒன்றினுள் பெருமானார் (ஸல்) அவர்கள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்ததென்று வியாபாரி கூறினார். மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா என்று வினவிய நாயகம் (ஸல்) அவர்கள், மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள் (முஸ்லிம்). ஈரத்தைக் கீழே மறைத்து உலர்ந்ததை மேலே காட்டும் வியாபாரம் இன்றும் நடக்கிறது. சரக்கு மட்டுமே மாறியுள்ளது. வாங்குவோர் தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள். சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்துச் சேற்றுக்கறை உளதா எனக் காணுங்கள். விற்கும் சகோதரர்களே, குறையைச் சொல்லி விற்றால் விலை குறையலாம், பரக்கத் குறையாது. மறைத்து விற்ற பொருளின் குறை பின்னர் வெளிப்படின், திருப்பித் தரும் உரிமை வாங்கியவருக்கு உண்டென்பது ஃபிக்ஹு சட்டம்.

ஆவணங்களிலும் கவனம் தேவை. டெல்லியில் பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கு 2015-இல் பசுமைத் தீர்ப்பாயமும் 2018-இல் உச்ச நீதிமன்றமும் தடை விதித்த பின்னர், அங்கிருந்து பல வண்டிகள் வெளி மாநிலங்களுக்கு விற்கப்பட்டன. புதுச்சேரிப் பதிவெண் கொண்டவையும் நம் பக்கம் மிகுதி. வெளிமாநில வண்டியை 12 மாதங்களுக்கு மேல் தமிழகத்தில் வைத்திருந்தால் இங்கே வரி செலுத்தி மறுபதிவு செய்தாக வேண்டும். தடையில்லாச் சான்றும், வங்கிக் கடன் தீர்ந்த சான்றும் இன்றி முன்பணம் தராதீர்கள்.

சகோதரிக்கு நாம் கூறும் விடை இதுவே: அந்த வண்டி ஹராமன்று. ஆனால் மகளின் படிப்புப் பணம் ஓர் அமானிதம். அதை முதலில் தனியே எடுத்து வையுங்கள். எஞ்சியதில் வண்டியின் விலையும், அவ்விலையில் நான்கில் ஒரு பங்கு பழுதுச் செலவுக்கும் அடங்குமாயின், சென்னையில் தேர்ந்த பணிமனையில் சில ஆயிரம் செலவிட்டுச் சோதித்த பின் வாங்கட்டும். அடங்காதெனில், பழுதுக்காக வட்டிக் கடன் வாங்கும் நிலை நாளை வரும். அந்நிலைக்கு இட்டுச் செல்லும் வாகனம் சுகமான வாகனம் ஆகாது. திண்டிவனத்திலேயே பழுது நீக்கத்தக்க எளிய காரொன்று குடும்பத்திற்குப் போதும். இதைக் கணவரிடம் வாதமாக அன்றி, கணக்குத் தாளாக எழுதி இதமாக எடுத்துக் காட்டுங்கள். 16 ஆண்டுகள் பிரிந்திருந்து உழைத்தவரின் ஆசையையும் மதித்துப் பேசுங்கள்.

ஹலாலாக ஈட்டிய பொருளை ஹலாலான வழியில் செலவிடும் நல்லறிவை அல்லாஹ் நம் அனைவர்க்கும் அருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.