மூலமொழி என்னும் மூடநம்பிக்கை: ஒரு ஜாம்பிப் படத்தின் பதிப்பை முன்வைத்து

அண்மையில் ஒரு கருத்தரங்கில் கட்டுரை வாசித்தேன். லூச்சியோ ஃபுல்ச்சி இயக்கி 1979இல் வெளிவந்த ‘ஜாம்பி 2’ என்ற இத்தாலியப் படத்தின் உரையாடல்களைப் பற்றிய கட்டுரை அது. முதற்கேள்வி கேட்ட பேராசிரியர் என் வாதத்துக்குள் நுழையவே இல்லை. “இத்தாலியப் படத்தை ஆங்கில டப்பிங்கில் பார்த்துவிட்டு மொழியைப் பற்றிப் பேசுகிறீர்களே, மூலமொழியில் பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லையா?” என்றார். அவையில் மெல்லிய சிரிப்பு எழுந்தது. நேரம் முடிந்ததென்று தலைவர் மணியடித்தார். அங்கே சொல்ல முடியாமற்போன விடையை இங்கே எழுதுகிறேன். அது அவர் ஒருவருக்கு மட்டுமான விடை அன்று. ‘மூலமொழி’ என்ற சொல்லை ஆராயாமல் கையாளும் நம் துறைகள் அனைத்துக்கும் உரியது.

முதலில் அடிப்படைச் செய்தி. அந்தப் படத்துக்கு மூலமொழி என்று ஒன்று இல்லை.

படத்தின் முதன்மை நடிகர்களைப் பாருங்கள். இயன் மெக்கல்லக் ஸ்காட்லாந்தைச் சேர்ந்தவர். ரிச்சர்ட் ஜான்சன் ஆங்கிலேயர். டிசா ஃபாரோ அமெரிக்கர். ஓல்கா கர்லாட்டோஸ் கிரேக்கர். ஆல் கிளிவர் என்ற புனைபெயரில் நடித்தவரும் ஔரெட்டா கேயும் இத்தாலியர். இவர்களுடைய பேச்சைப் படப்பிடிப்புத் தளத்திலேயே பதிவுசெய்து அப்படியே திரையில் ஒலிக்கச் செய்வது அன்றைய இத்தாலிய வணிகப் படவுலகின் வழக்கமன்று. படப்பிடிப்பு முடிந்தபின் ஒலிப்பதிவுக் கூடத்தில் இத்தாலியச் சந்தைக்கு ஓர் ஒலித்தடமும் வெளிநாட்டுச் சந்தைக்கு ஆங்கில ஒலித்தடமும் உருவாக்கப்படும். பிரிட்டிஷ் நடிகர்களின் உதடுகள் ஆங்கிலத்துக்கே இசைகின்றன. ஆகவே உதட்டசைவை அளவுகோலாகக் கொண்டால், பேராசிரியர் மூலம் என்று கருதும் இத்தாலிய ஒலித்தடம்தான் அவர்களைப் பொறுத்தவரை டப்பிங். படம் உருவான நாட்டை அளவுகோலாகக் கொண்டால் ஆங்கில ஒலித்தடம் டப்பிங். இரண்டும் பின்னர்ச் சேர்க்கப்பட்டவை என்பதே உண்மை. கதாநாயகிக்கு வேறொருவர் குரல் கொடுக்கும் படங்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளக்கவும் வேண்டுமா?

இது மலிவான திகில் படங்களுக்கு மட்டும் நேர்ந்த விபத்தன்று. 1930இல் முசோலினியின் ஆட்சி திரையில் வெளிநாட்டு மொழி உரையாடலைத் தடைசெய்தது. அந்தத் தடையைச் சுற்றி வளர்ந்த டப்பிங் தொழில், ஆட்சி வீழ்ந்தபின் இத்தாலிய சினிமாவின் இயல்பாகவே நிலைத்துவிட்டது. நவயதார்த்தத்தின் முகமாக நாம் பாடம் நடத்தும் ‘சைக்கிள் திருடர்கள்’ (1948) படத்தின் தொழிலாளி, பின்னர்ச் சேர்த்த வேறொருவர் குரலில்தான் பேசுகிறார். ஃபெலினியின் ‘லா ஸ்ட்ராடா’வில் (1954) ஆன்டனி குவின் இத்தாலிய வடிவத்தில் வேறொருவர் குரலில் பேசுகிறார். விஸ்கோன்டியின் ‘சிறுத்தை’யில் (1963) பர்ட் லங்காஸ்டருக்கும் அதே நிலைதான். இந்த வழக்கத்தை எதிர்த்து 1968இல் அன்டோனியோனி, பெர்டொலுச்சி, பஸோலினி முதலியோர் அமால்ஃபியில் அறிக்கையே வெளியிட்டார்கள். தங்கள் நாட்டுப் படங்களுக்கு ‘மூல ஒலி’ என்று ஒன்று இயல்பாக அமைவதில்லை என்பதை அந்நாட்டு இயக்குநர்கள் அறிந்திருந்தார்கள். அரை நூற்றாண்டுக்குப் பிறகு நாம்தான் அதை அறியாதவர்போல் நடந்துகொள்கிறோம்.

இன்னும் ஒன்று. ‘லா ஸ்ட்ராடா’வைப் பற்றிக் கட்டுரை வாசிப்பவரிடம் ஆன்டனி குவினின் குரலைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஃபெலினி டப்பிங் செய்தால் கலை. ஃபுல்ச்சி டப்பிங் செய்தால் கேலி. இதற்குப் பெயர் மொழியியல் அக்கறை அன்று. வகுப்பறைக்குள் நுழைந்துவிட்ட சாதி மனப்பான்மை.

இனிப் பதிப்பாளர்களிடம் வருகிறேன். 2018இல் அமெரிக்காவின் ப்ளூ அண்டர்கிரவுண்ட் நிறுவனம் இந்தப் படத்தின் சேகரிப்பாளர் பதிப்பை மூன்று வட்டுகளில் வெளியிட்டது. வெட்டுப்படாத அசல் கேமரா நெகட்டிவிலிருந்து 4கே தரத்தில் புதிதாக மீட்டெடுத்த படம்; ஃபாபியோ ஃப்ரிட்ஸியின் இசைக்குத் தனி வட்டு; நூல்வடிவக் குறிப்பேடு; பேட்டிகள். போதாததற்கு, பார்க்கும் கோணத்துக்கேற்ப உருமாறும் அட்டை மூன்று வகைகளில். உள்ளே இருக்கும் வட்டுகள் ஒன்றே. வெளியே எந்தக் காட்சி வேண்டும் என்பதை மட்டும் வாங்குபவர் தேர்ந்துகொள்ளலாம். 2020இல் 4கே வட்டும் வந்தது.

இந்த உழைப்பை இழிவுபடுத்துவது என் நோக்கமன்று. 1980களில் பிரிட்டனில் இந்தப் படம் ‘வீடியோ நாஸ்டி’ என்று முத்திரை குத்தப்பட்டு, அரசு வழக்குத் தொடுநரின் பட்டியலில் இடம்பெற்றது. 1984இல் வீடியோப் பதிவுகளுக்கெனத் தனித் தணிக்கைச் சட்டமே வந்தது. மரச்சிம்பு கண்ணில் பாயும் காட்சி குறைக்கப்பட்ட பிரதிகளையும், நகலெடுத்து நகலெடுத்து மங்கிய நாடாக்களையும்தான் ஒரு தலைமுறை பார்த்தது. பல்கலைக்கழகங்கள் இத்தகைய படங்களைத் தீண்டாதிருந்த காலத்தில் அவற்றைக் காப்பாற்றியவர்கள் சேகரிப்பாளர்கள். இன்று நான் ஆய்வு செய்ய ஒரு முழுமையான பிரதி இருக்கிறதென்றால் அது அவர்கள் இட்ட பிச்சை. நன்றியோடுதான் குறை சொல்கிறேன்.

குறை இதுதான். படத்துக்குக் காட்டும் அறத்தை இந்தப் பதிப்புகள் பேச்சுக்குக் காட்டுவதில்லை. பெட்டியின் பின்பக்கத்தைப் படியுங்கள். பிம்பம் எங்கிருந்து எடுக்கப்பட்டது, எத்தகைய நெகட்டிவ், எந்தத் தரம் என்பதெல்லாம் பெருமிதத்தோடு சொல்லப்படும். ஒலிக்கு வந்தால், மொழியின் பெயரும் ஒலிப்பெருக்கிகளின் எண்ணிக்கையும் மட்டுமே. 1979இல் ஒற்றைத்தட ஒலியோடு திரையரங்குக்கு வந்த படத்துக்கு, 2012இல் அறிமுகமான டால்பி அட்மாஸ் முறையில் ஆங்கில ஒலி புதிதாகக் கலக்கப்படுகிறது. பிம்பத்தில் 1979ஐ மீட்பது இலட்சியம். ஒலியில் 1979ஐக் கடப்பது விற்பனை உத்தி. ஒற்றைத்தட வடிவத்தையும் தருகிறார்கள் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆங்கில உரையாடலை எழுதியவர் யார்? இத்தாலிய வடிவத்தை எழுதியவர் யார்? எந்தப் பாத்திரம் யார் குரலில் பேசுகிறது? இரண்டு வடிவங்களும் பொருளில் எங்கெங்கே வேறுபடுகின்றன? இவற்றைப் பெட்டி சொல்லாது. பேட்டிகளிலும் விளக்க ஒலித்தடங்களிலும் துணுக்குகள் சிதறிக் கிடக்கலாம். துணுக்குகளைத் தேடித் தொகுக்கும் வேலையை வாங்குபவர் தலையில் கட்டுவது பதிப்பு நெறியன்று.

‘பதிப்பு’ என்ற சொல்லுக்குத் தமிழில் ஒரு கனம் உண்டு. உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றியபோது பல ஏடுகளை ஒப்பிட்டுப் பாடம் தீர்மானித்தார். பாடபேதங்களை மறைக்காமல் வாசகர்முன் வைப்பதே நல்ல பதிப்புக்கு அடையாளம் என்று அந்த மரபு நமக்குக் கற்பித்திருக்கிறது. இரண்டு மொழிகளில் இரண்டு பாடங்களைக் கொண்ட ஒரு படைப்பை வெளியிட்டு, அந்த இரண்டையும் பட்டியலில் தேர்ந்துகொள்ளும் வசதியாக மட்டும் காட்டுவதைப் பதிப்பு என்று எப்படிச் சொல்வது? அழகிய அட்டையிட்ட ஏட்டுச்சுவடி என்று வேண்டுமானால் சொல்லலாம்.

இதனால் விளையும் கேடு சேகரிப்பாளரோடு நிற்பதில்லை, ஆய்வேடுகளுக்குள் வந்துவிடுகிறது. இத்தகைய வட்டுகளில் ஆங்கில சப்டைட்டில் பெரும்பாலும் இரண்டு வகையாக இருக்கும். ஒன்று, ஆங்கில ஒலியைக் கேட்கவியலாதோருக்காக எழுத்தில் பெயர்த்தது. மற்றொன்று, இத்தாலிய ஒலியை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தது. இரண்டும் வேறு வேறு பாடங்கள். நம் மாணவர்கள் இவற்றில் ஏதோ ஒன்றை மேற்கோள் காட்டி, கீழே இயக்குநர் பெயரையும் ஆண்டையும் மட்டும் எழுதுகிறார்கள். நெறியாளர்களும் ஒப்பமிடுகிறார்கள். கணினி மொழியியலிலோ, சப்டைட்டில் கோப்புகளை இலட்சக்கணக்கில் திரட்டி அவற்றைப் ‘பேச்சுமொழித் தரவு’ என்கிறோம். யாரும் பேசாத வாக்கியங்களும் அந்தத் தரவில் பேச்சாகிவிடுகின்றன.

குரல்களுக்கு உரியவர்களும் காணாமற்போகிறார்கள். ரோம் நகரில் வாழ்ந்த, ஆங்கிலம் பேசும் நடிகர்களின் சிறு குழு ஒன்று அந்தக் காலத்தில் ஏராளமான படங்களுக்குக் குரல் கொடுத்தது. படங்களின் பெயர்ப்பட்டியலில் அவர்களுக்குப் பெரும்பாலும் இடமில்லை. எழுத்தாளர்களுக்கே இந்தப் பிழைப்பு உண்டு. ‘ஜாம்பி 2’ கதையில் பங்குகொண்ட தர்தானோ சகெட்டியின் பெயர் படத்தில் இல்லை. அவர் மனைவி எலிசா பிரிகான்டியின் பெயர் மட்டுமே வருகிறது. சகெட்டியின் பங்கைப் பின்னர் ஆய்வாளர்கள் மீட்டார்கள். குரல் கலைஞர்களை யார் மீட்பது? அறிந்தவர்கள் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருக்கிறார்கள். நெகட்டிவ் குளிர்ப்பெட்டியில் காத்திருக்கும். மனித நினைவு காத்திராது.

‘மூலம்’ பற்றி இவ்வளவு பேசுவோர் தலைப்பில் உள்ள சொல்லையாவது எண்ணிப் பார்த்ததுண்டா? ‘ஜாம்பி’ இத்தாலியச் சொல்லும் அன்று, ஆங்கிலச் சொல்லும் அன்று. ஹெய்ட்டியின் கிரியோல் மொழியிலிருந்து உலகுக்கு வந்தது. அதன் வேரைக் கொங்கோப் பகுதி மொழிகளோடு இணைப்பதே பரவலான கருத்து. செத்தபின்னும் உழைப்பிலிருந்து விடுதலை இல்லை என்ற அடிமைகளின் அச்சம் அந்தச் சொல்லுக்குள் உறைந்திருக்கிறது. ஃபுல்ச்சியின் படம் கரீபியனில் மத்துல் என்ற கற்பனைத் தீவில் நடக்கிறது. அதன் ஒரு பகுதி படமாக்கப்பட்டது டொமினிக்கன் குடியரசில். அதாவது ஹெய்ட்டியும் பங்குகொண்டுள்ள அதே தீவில். ஆனால் திரையில் அந்தத் தீவின் மக்கள் பெரும்பாலும் தொலைவில் கேட்கும் முரசொலியாகவே இருக்கிறார்கள். இத்தாலியமா ஆங்கிலமா என்ற சண்டையில் எந்தப் பக்கம் வென்றாலும், சொல்லைத் தந்தவர்களின் மொழிக்கு அந்த வட்டில் தடம் இல்லை. ‘மூலமொழியில் பார்த்தீர்களா’ என்று கேட்டவரிடம் நான் திருப்பிக் கேட்க விரும்புவது இதுதான்: யாருடைய மூலம், ஐயா?

‘ஒரு ஜாம்பிப் படத்துக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா’ என்பவர்களுக்கு ஒரு சொல். உயர்ந்த படைப்பில் மரியாதை காரணமாக மறைந்துவிடும் சிக்கல், மதிக்கப்படாத படைப்பில் அப்பட்டமாகத் தெரியும். அதனால்தான் இந்தப் படத்தை எடுத்துக்கொண்டேன்.

நான் கேட்பவை மூன்றுதான். பதிப்பாளர்களே, பிம்பத்தின் மூலத்தைச் சொல்வதுபோல் ஒவ்வோர் ஒலித்தடத்தின் மூலத்தையும் சொல்லுங்கள். குரல் கொடுத்தோர், உரையாடல் எழுதியோர் பெயர்களில் தெரிந்தவற்றை அச்சிடுங்கள். தெரியாதவற்றைத் தெரியாது என்றே எழுதுங்கள். மாணவர்களே, திரை உரையாடலை மேற்கோள் காட்டும்போது எந்தப் பதிப்பு, எந்த ஒலித்தடம், எந்த சப்டைட்டில் என்பதைக் குறிப்பிடுங்கள். பேராசிரியர்களே, ‘மூலமொழியில் பார்த்தீர்களா’ என்று கேட்பதற்குமுன், அந்தப் படத்துக்கு மூலமொழி ஒன்று உண்டா என்று உங்களையே ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். மணியடிப்பதற்குமுன் அந்தக் கேள்விக்கு விடை சொல்ல எங்களுக்கு இரண்டு நிமிடமும் கொடுங்கள்.