ஈரானில் சண்டை வந்தால் வத்தல்மலை அடுப்பு எரியுமா? டெல்லி போடும் கணக்கில் விட்டுப் போனது என்ன?

தர்மபுரி:

ஈரானில் குண்டு விழுந்தால் வத்தல்மலையில் அடுப்பு அணையுமா? கேட்க வேடிக்கையாகத்தான் இருக்கும். ஆனால் 2025 ஜூனில் இஸ்ரேல்-ஈரான் சண்டை மூண்டபோது, எரிபொருள் கையிருப்பு இருக்கிறது, பயப்பட வேண்டாம் என்று மத்திய பெட்ரோலிய அமைச்சரே விளக்கம் சொல்ல வேண்டியதாகி விட்டது.

காரணம் இருக்கிறது. நாட்டில் எரியும் சமையல் கேசில் சுமார் 60 சதவீதம் இறக்குமதி. அதில் பெரும்பகுதி கத்தார், அமீரகம், சவுதி, குவைத் நாடுகளில் இருந்து ஹார்முஸ் ஜலசந்தி என்ற குறுகலான கடல்பாதை வழியாக வந்த சரக்கு.

சரி, ஒரு திட்டம் போடும்போதே இதையெல்லாம் அரசாங்கம் பார்க்காதா? அமெரிக்காவில் 2001 மே மாதம் அதிபர் புஷ் ஒரு உத்தரவு போட்டார். எரிபொருள் வரத்து, வினியோகத்தை பெரிய அளவில் பாதிக்கும் விதி எதையும் கொண்டு வருமுன், அதன் விளைவை துறைகள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதுதான் அது.

இந்தியாவில் 2006-ல் கிரித் பாரிக் தலைமையிலான திட்டக்குழுவின் நிபுணர் குழு, எரிசக்தி பாதுகாப்புக்கு விளக்கம் கொடுத்தது. கையில் காசு இருக்கோ இல்லையோ, வாழ்வதற்கு தேவையான எரிசக்தி எல்லா குடிமக்களுக்கும் கிடைக்க வேண்டும் என்பது அதன் சாரம். இதைவிட நல்ல அளவுகோல் கிடைப்பது கஷ்டம்.

அந்த அளவுகோலை வத்தல்மலையில் வைத்துப் பார்ப்போம். மலையாளி பழங்குடியினர் காபியும் சாமையும் விளைவிக்கும் மலை இது. 2021 செப்டம்பரில் முதல்வராக மு.க.ஸ்டாலின் நேரில் வந்து போன இடம்.

2016 மே 1-ல் உஜ்வாலா திட்டம் தொடங்கியது. ஏழை வீடுகளுக்கு கேஸ் இணைப்பு கொடுத்தார்கள். இன்னொரு பக்கம், கேசும் கரண்டும்தான் வந்துவிட்டதே என்று மாநிலங்களுக்கான ரேஷன் மண்ணெண்ணெய் ஒதுக்கீட்டை மத்திய அரசு படிப்படியாக வெட்டியது. 2020 மார்ச்சோடு அதன் மானியமும் போச்சு.

மானியம் மிச்சம், புகை மிச்சம். பெண்களின் கண்ணும் நெஞ்சும் தப்பிச்சது, அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் பாதுகாப்பு?

கச்சா எண்ணெய்க்கு விசாகப்பட்டினம், மங்களூரு, பாதூரில் பாறைக்குள் கிடங்குகள் உண்டு. நிரம்ப வைத்தால் சுமார் ஒன்பதரை நாள் தேவைக்கு தாங்கும். கேசுக்கு விசாகப்பட்டினத்தில் 60 ஆயிரம் டன், 2025-ல் முடிந்த மங்களூரு கிடங்கில் 80 ஆயிரம் டன். நாடு ஒரு நாளைக்கு எரிக்கும் கேஸ் சுமார் 85 ஆயிரம் டன்! அதாவது இரண்டும் சேர்ந்து ஒன்றரை நாள் சொச்சம். ஆலைகளிலும் துறைமுகங்களிலும் உள்ள டேங்குகள் தனி.

ஆக, உள்ளூர் சுத்திகரிப்பு ஆலையில் இறக்கும் மண்ணெண்ணெயை விட்டுவிட்டு, கப்பலை நம்பும் கேசுக்கு ஏழை வீடு மாறியது. பழைய எரிபொருளை கைவிடுமுன் புதுசுக்கு கையிருப்பு கட்டியிருக்க வேண்டும்.

இன்னொரு கணக்கு. உஜ்வாலா வீடு ஒன்று 2024-25-ல் சராசரியாக வாங்கியது நாலரை சிலிண்டர். 2019-20-ல் மூன்றாக இருந்தது, கூடியிருக்கு என்று அரசு சொல்கிறது. உண்மைதான். ஆனாலும் ஒரு சிலிண்டர் 80 நாள் ஓடணும். அஞ்சு பேருக்கு உலை வைக்கும் வீட்டில் அது ஓடுமா? மிச்ச நாளைக்கு சுள்ளிதான்.

விலையும் சும்மா இல்லை. 2022-ல் சென்னையில் சிலிண்டர் ஆயிரம் ரூபாயை தாண்டியது. பிறகு இறங்கி, 2025 ஏப்ரலில் 868 ரூபாய் 50 காசு ஆனது. உஜ்வாலா வீடுகளுக்கு 300 ரூபாய் மானியம் உண்டு. ஆனால் மானியம் அப்புறம்தான் பேங்க் கணக்குக்கு வரும், முழுக்காசையும் முதலில் எண்ணி வைக்கணும். கூலிக்கு போகிற வீட்டில் இதுதான் சிக்கல். மானிய சிலிண்டர் எண்ணிக்கையும் 2025-26-ல் 12-ல் இருந்து 9 ஆனது.

2025 நவம்பரில் அமெரிக்காவில் இருந்து 2026-ம் ஆண்டுக்கு 22 லட்சம் டன் கேஸ் வாங்க பொதுத்துறை நிறுவனங்கள் ஒப்பந்தம் போட்டன. இறக்குமதியில் அது சுமார் 10 சதவீதம். ஒரே கடல்பாதையை நம்பாமல் இருக்க இது நல்ல ஏற்பாடுதான்.

அது துறைமுகம் வரைக்குமான கணக்கு. உஜ்வாலா வீடுகளில் பெரும்பாலும் ஒற்றை சிலிண்டர்தான். மழையில் மலை ரோடு அடைபட்ட நேரத்தில் அது தீர்ந்தால் பெரியூரிலும் சின்னாங்காட்டிலும் அடுத்தது வர எத்தனை நாள் ஆகும் என்பதும், 2006 அறிக்கைபடி பார்த்தால், நாட்டின் எரிசக்தி பாதுகாப்பு கணக்கில் ஏற வேண்டிய நாட்கள்தான்.