படகைக் கேட்கும் முன் நேரத்தைக் கேட்போம்



சில ஆண்டுகளுக்கு முன் ஐந்தாம் ஆண்டு மாணவர்களை அழைத்துக்கொண்டு கிள்ளான் ஆற்றின் கழிமுகத்தைப் படகில் கடக்கச் சென்று, திரும்பும் வழியில் சேற்றில் சிக்கிக்கொண்டோம். அதன்பின் கூடிய பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில், இனிக் கல்விச் சுற்றுலாவில் ஆறு, கடல், படகு என்ற பேச்சே வேண்டாம் என்று முடிவாயிற்று. அந்த முடிவுக்குப் பின்னால் இருந்த அச்சத்தை நான் மதிக்கிறேன். முடிவை மட்டும் இன்றுவரை என்னால் ஏற்க முடியவில்லை. அதற்கான காரணங்களை இங்கே எழுதுகிறேன்.

நடந்தது என்ன?

நான் பிரிக்பீல்ட்ஸில் குடியிருக்கிறேன். அங்கே கிள்ளான் ஆறு இரு கரையும் சிமெண்ட் பூசிய கால்வாய்போல் ஓடுகிறது. அதே ஆறு கடலில் கலக்கும் இடத்தை மாணவர்கள் கண்ணால் காண வேண்டும் என்பது என் ஆசை. கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ஏறினால் கடைசி நிலையம் கிள்ளான் துறைமுகம். இறங்கிச் சிறிது தூரம் நடந்தால் பூலாவ் கெத்தாமுக்குப் போகும் படகுத்துறை வந்துவிடும். நாங்கள் 22 மாணவர்கள், 3 ஆசிரியர்கள். நீளமான, ஒடுங்கிய படகொன்றை வாடகைக்குப் பேசியிருந்தோம்.

காலை எட்டரைக்குப் புறப்பட்டோம். அலையாத்திக் காடுகளையும், கம்பங்கள்மேல் நிற்கும் மீனவர் வீடுகளையும், தூரத்தில் நின்ற கப்பல்களையும் பார்த்துப் பிள்ளைகள் ஆரவாரம் செய்தார்கள். நண்பகலில் திரும்பினோம். சுருக்கு வழி என்று காட்டுக்கு ஊடே இருந்த ஓடையில் படகு நுழைந்தது. பன்னிரண்டே காலுக்கு அடித்தட்டு சேற்றில் உரசி நின்றது. சிறிது நேரத்தில் எங்களைச் சுற்றி நீரே இல்லை. வெறும் சேறு, அதன்மேல் ஓடும் நண்டுகள், தலைக்குமேல் வெயில்.

படகோட்டி வயதானவர். பதறவில்லை. "சிக்கு, தண்ணீர் போய்விட்டது. அது வரும்போது நாமும் போகலாம்" என்று மலாயில் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். ஒரு மாணவி அழுதாள். ஒருவன் வாந்தியெடுத்தான். இன்னொருவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "டீச்சர், ஆறு எங்க போச்சு?" என்று கேட்டான். பதினெட்டு ஆண்டுகள் பாடம் நடத்திய எனக்கு உடனே பதில் வரவில்லை.

இரண்டே முக்காலுக்குப் படகு மிதந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் நான் மறைக்கக்கூடாத ஒன்று உண்டு. அந்தப் படகில் 17 பாதுகாப்பு மேலங்கிகளே இருந்தன. அவையும் இருக்கைக்கு அடியில் குவியலாகக் கிடந்தன. காலையிலேயே அதைக் கண்டேன். கண்டும், பிள்ளைகள் ஆசையோடு நிற்கிறார்களே என்று ஏற்றிவிட்டேன். சேற்றில் சிக்கியது விபத்து எனலாம். இது விபத்தன்று, என் தவறு.

அச்சம் வீணானதா?

இல்லை. 2007-ஆம் ஆண்டு பிப்ரவரியில் கேரளத்தின் தட்டேக்காட்டில் பள்ளிச் சுற்றுலாப் படகு பெரியாற்றில் மூழ்கி, 15 மாணவர்களும் 3 ஆசிரியர்களும் இறந்தார்கள். 2011-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று தமிழ்நாட்டின் பழவேற்காடு ஏரியில் படகு கவிழ்ந்து 22 உயிர்கள் போயின. 2021 நவம்பரில் இலங்கையின் கிண்ணியா, குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டி முடியாததால் களப்பைக் கடக்க விடப்பட்டிருந்த மிதவைப் படகு கவிழ்ந்தது. இறந்தவர்களில் பள்ளிக்குப் புறப்பட்ட பிள்ளைகளும் இருந்தார்கள். நம் நாட்டிலும் 2009 அக்டோபரில் குவாலா டிப்பாங்கில், பள்ளி மாணவர் முகாமின்போது தொங்கு பாலம் அறுந்து மூன்று மாணவிகளை ஆறு கொண்டுபோனது. இவற்றையெல்லாம் அறிந்த ஒரு தாய், "என் பிள்ளையைப் படகில் ஏற்றாதீர்கள்" என்று சொன்னால் அவரை நான் எப்படிக் குறை சொல்வேன்?

ஆனால் இந்தப் படகு விபத்துகளை ஒருமுறை கூர்ந்து பாருங்கள். அளவுக்கு மீறி ஏற்றிய ஆட்கள், அணியாத மேலங்கிகள், "பரவாயில்லை, ஏறுங்கள்" என்ற ஒரு சொல். எங்கும் இதே கதைதான். எங்கள் படகில் அந்தச் சொல்லைச் சொன்னவள் நான். ஆகவே தடை போட வேண்டியது ஆற்றுக்கா, அந்தச் சொல்லுக்கா?

தடை போட்டால் ஆறு வராமல் இருக்குமா?

2021 டிசம்பரில் ஷா ஆலம் ஸ்ரீ மூடாவில் கூரைமேல் ஏறி நின்றவர்கள் யாரும் சுற்றுலாவுக்குப் போனவர்கள் அல்லர். நாம் ஆற்றைத் தேடிப் போகாவிட்டாலும் ஆறு நம் வீட்டைத் தேடி வரும். கிள்ளான் பட்டணத்தில் கனமழையும் கடல்நீர் ஏற்றமும் ஒரே நேரத்தில் வந்தால், ஆற்றுநீர் வடிய வழியின்றித் தெருவுக்கு வருகிறது. இங்கே வாழும் பிள்ளைக்கு நீரின் நேரம் தெரிந்திருப்பது உயிர்க்கல்வி.

அந்த நேரம் ஒன்றும் மறைபொருள் அன்று. நம் கரையில் கடல்நீர் நாளுக்கு இருமுறை ஏறி இருமுறை இறங்குகிறது. ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம். ஆகவே இன்று காலை ஏழுக்கு ஏறிய நீர் நாளை ஏழே முக்காலைத் தாண்டித்தான் ஏறும். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாள்களில் கிள்ளான் துறைமுகத்தில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் உள்ள வேறுபாடு நான்கு மீட்டரைத் தாண்டும். ஒரு மாடி வீட்டின் உயரம் அது! நாங்கள் போனது பௌர்ணமிக்கு மறுநாள். அன்று நீர் மிகவும் இறங்கிய நேரம் பகல் ஒன்றரை. அதற்கு ஒன்றே கால் மணி நேரம் முன்பு சிக்கிய படகு, ஒன்றே கால் மணி நேரம் பின்பு மிதந்தது. ஐந்தாம் ஆண்டு மாணவன் போடக்கூடிய கணக்கு இது. மலேசிய அரச கடற்படையின் தேசிய நீர்வரைவியல் மையம் ஆண்டுதோறும் வெளியிடும் அட்டவணையில் எல்லாம் இருக்கிறது. நானோ ரயில் நேரத்தையும் மதிய உணவு நேரத்தையும் பார்த்துப் பயணத்தை வகுத்தேன்.

இங்கிலாந்தில் ஏறத்தாழ இரண்டு மீட்டர் அகலமே உள்ள நீண்ட படகுகள் உண்டு. அசையாத கால்வாய் நீருக்கென்றே கட்டப்பட்டவை. 2002-இல் ரிபிள் இணைப்புக் கால்வாய் திறக்கப்பட்டபின், அவையும் ரிபிள் ஆற்றின் கழிமுகத்தைக் கடந்து செல்கின்றன. எப்படி? நீரேற்றம் பொருந்தும் நாள்களில் மட்டும், முன்பதிவு செய்து, நங்கூரமும் மேலங்கியும் வைத்துக்கொண்டு. கடலுக்கு ஏற்ற படகு இல்லாதவர்களும் நேரத்தை மதித்துக் கடக்கிறார்கள்.

நம் வாசல்

இன்னொன்றும் உண்டு. 1886-இல் கோலாலம்பூரிலிருந்து வந்த ரயில் பாதை புக்கிட் கூடாவோடு நின்றது. 1890-இல் கன்னாட் பாலம் முடிந்த பிறகே ரயில் ஆற்றைக் கடந்து கிள்ளானுக்குள் வந்தது. கழிமுகத்தில் புதிய துறைமுகம் திறக்கப்பட்டது 1901-இல். போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற பெயரில் இருந்த அந்தத் துறையில்தான் தோட்டத்துக்கும் ரயில் பாதைக்கும் வந்த நம் முன்னோர் பலர் கப்பலைவிட்டு இறங்கி, தொற்றுத் தடுப்பு முகாமில் நாள்களைக் கழித்து, உள்நாட்டுக்குப் போனார்கள். நம் குடும்பங்கள் நுழைந்த வாசலையே நம் பிள்ளைகள் பார்க்கக்கூடாதென்றால் எப்படி?

நெய்தல் என்றால் கடலும் கடல் சார்ந்த இடமும் என்று மனப்பாடம் செய்ய வைக்கிறோம். ஓதம், கழி என்ற சொற்களுக்குப் பொருள் எழுத வைக்கிறோம். ஒரு மணி நேர ரயில் தொலைவில் அவை உயிரோடு இருக்கின்றன.

என் வேண்டுகோள்

1. பயண நாளை நீரேற்ற அட்டவணையைப் பார்த்தே முடிவு செய்க. அந்தக் கணக்கை மாணவர்களே போடட்டும்.

2. தலைக்கொரு மேலங்கி, பிள்ளைகளின் அளவுக்கு ஏற்றதாக. கரையிலேயே அணிந்த பின்பே படகில் கால் வைக்க வேண்டும்.

3. ஒன்று குறைந்தாலும் திரும்பிவிடும் உரிமை ஆசிரியருக்கு எழுத்தில் தரப்பட வேண்டும். முன்பணம் போனால் போகட்டும்.

4. பெற்றோரில் இருவர் மூவர் உடன் வரவேண்டும்.

5. நீச்சல் வகுப்புக்குச் சங்கம் பணம் ஒதுக்க வேண்டும். பரிசளிப்பு விழாவின் பந்தல் செலவில் ஒரு பகுதி போதும்.

அடுத்த கூட்டத்தில் இந்த ஐந்தையும் முன்வைக்கப் போகிறேன். 17 மேலங்கிகளின் கதையையும் சொல்லப் போகிறேன். இதுவரை அங்கே அதைச் சொல்லும் துணிவு எனக்கு வரவில்லை. அதைக் கேட்டபின் பெற்றோர் என்மேல் சினம் கொள்ளலாம். கொள்ளட்டும், அதற்குரியவள்தான் நான். ஆனால் என் தவறுக்கான தண்டனையை இனி வரும் மாணவர்களுக்குக் கொடுக்க வேண்டாம் என்பதே என் கோரிக்கை.

ஆறு எங்கே போனது என்று கேட்டவன் இப்போது இடைநிலைப்பள்ளியில் படிக்கிறான். அவனுக்கு நான் இன்னும் ஒரு பதில் கடன்பட்டிருக்கிறேன். அது எங்கும் போகவில்லை, தம்பி. அதற்கென்று ஒரு நேரம் இருக்கிறது. அன்று அதைக் கேட்டுக்கொண்டு புறப்படாதவள் உன் ஆசிரியைதான்.