நீர்க்கடுப்புக்கும் கல்ச்சர் தேவை

1986-இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்றுகளைக் கண்டறிந்தபோது, கையில் மருந்து எதுவும் இல்லை. 2004 ஏப்ரலில் மத்திய அரசு எச்ஐவியைக் கட்டுப்படுத்தும் இலவச ஏஆர்டி சிகிச்சையைத் தொடங்கியது. இன்று தினமும் ஒரு கூட்டு மாத்திரை போட்டுக்கொண்டு பல லட்சம் பேர் வேலைக்குப் போகிறார்கள், பிள்ளைகளை வளர்க்கிறார்கள். ஆயுள் நீண்டுவிட்டதால், அன்றாட நோய்களை எப்படிக் கையாள்வது என்பதே இனி முக்கியமான கேள்வி. நீர்க்கடுப்பை உண்டாக்கும் சிறுநீர்ப் பாதைத் தொற்று அதற்குச் சரியான உதாரணம்.

நோய் எதிர்ப்பு அணுக்களான சிடி4-இன் எண்ணிக்கை 350-க்குக் கீழே இருக்கும் எச்ஐவி நோயாளிகளுக்கு கோட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரை தினமும் தரப்படுகிறது. ஒருவகை நிமோனியாவிலிருந்தும் மூளைத் தொற்றிலிருந்தும் அது உயிரைக் காக்கிறது. அதை நிறுத்தச் சொல்ல யாருக்கும் துணிவு வராது. ஆனால், நீர்க்கடுப்புக்குப் பெரும்பாலும் காரணமான ஈ.கோலை நம் குடலில் வாழும் கிருமி. தினமும் அந்த மருந்தைச் சந்திப்பதால் அதற்கு எதிர்ப்புத் திறன் வளர்கிறது. சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற பிற ஆன்டிபயாட்டிக்குகளுக்கும் இந்தியாவில் ஈ.கோலை பரவலாகவே மசிவதில்லை என்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) கண்காணிப்பு அறிக்கைகள் காட்டுகின்றன. ஆக, ஊகத்தில் எழுதப்படும் மருந்து பலிக்காமல் போகும் வாய்ப்பு இவர்களுக்கு இன்னும் அதிகம்.

நடப்பது என்ன? எரிச்சல் தொடங்கியதும் பலர் போவது மருந்துக்கடைக்கு. எச்ஐவி இருப்பதை அங்கே சொல்ல முடியாது. தெரிந்தவர் காதில் விழுந்துவிடுமோ என்ற பயம். நாலைந்து ஆன்டிபயாட்டிக் மாத்திரையோடு டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரையும் வந்து சேர்கிறது. ஏஆர்டி கூட்டு மாத்திரையில் உள்ள டெனோஃபோவிர் சிலருக்குச் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது; வலி மாத்திரை சேரும்போது ஆபத்து கூடுகிறது. இன்னொரு பொறியும் உண்டு. சிறுநீரில் சீழ் அணுக்கள் இருந்தும் கல்ச்சர் என்ற கிருமி வளர்ப்புப் பரிசோதனையில் கிருமி வளராவிட்டால் சிறுநீரகக் காசநோயைச் சந்தேகிக்க வேண்டும். சிப்ரோஃப்ளாக்சசின் வகை மருந்துகள் காசநோய்க் கிருமியைத் தற்காலிகமாக அடக்கி, நோயறிதலைத் தள்ளிப்போட்டுவிடும்.

அதற்காக, சிறுநீரில் கிருமி தெரிந்தாலே மருந்து கொடுக்க வேண்டும் என்பதில்லை. அறிகுறி இல்லாதவர்களுக்கு, கர்ப்பம் போன்ற சில நிலைகளைத் தவிர, சிகிச்சை வேண்டாம். வைரஸ் கட்டுப்பட்டு, சிடி4 நன்றாக இருப்பவரின் சாதாரண நீர்க்கடுப்பு மற்றவர்களுடையதைப் போலத்தான். தேவை பீதியல்ல, பரிசோதனை.

அதற்குப் புதிய கட்டடமோ புதிய திட்டமோ வேண்டாம். ஏஆர்டி மையங்கள் பெரும்பாலும் மருத்துவக் கல்லூரிகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும்தான் இருக்கின்றன. நுண்ணுயிரியல் ஆய்வகம் அதே வளாகத்திலோ எட்டும் தூரத்திலோ இருக்கும். மாத்திரை வாங்க வருபவரிடம், 'சிறுநீர் போகும்போது எரிச்சல் இருக்கிறதா?' என்று ஆலோசகர் கேட்க வேண்டும். குறிப்பாகப் பெண்களிடம், அவர்கள் தாமாகச் சொல்ல மாட்டார்கள். இருந்தால், ஆன்டிபயாட்டிக்கின் முதல் மாத்திரைக்கு முன்பே கல்ச்சருக்கு மாதிரி எடுக்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் முடிவு வந்ததும் மருந்தை அதற்கேற்ப மாற்றலாம். சீழ் இருந்தும் கிருமி வளராதவர்களை நேரே காசநோய்ப் பரிசோதனைக்கு அனுப்பலாம்.

2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்ஐவி சட்டம், நோயாளியின் ரகசியத்தைக் காக்கவும் சிகிச்சையில் பாகுபாட்டைத் தடுக்கவும் உறுதி தருகிறது. ஆனால், பயமில்லாமல் சொல்ல ஓர் இடம் இருந்தால்தான் அந்த உறுதிக்குப் பொருள் உண்டு. நோயாளிகளின் எச்ஐவி நிலை ஏற்கெனவே தெரிந்த இடம் ஏஆர்டி மையம் ஒன்றுதான். நீர்க்கடுப்பையும் அங்கேயே பார்ப்பதுதான் முறை.