பாட்காஸ்ட்காரர்களும் கேட்போர் கண்டனமும்

ராயபுரத்திலும், திருவொற்றியூரிலும், எண்ணூரிலும் இப்போது சில வாலிபத் தோழர்கள் ஒரு சிறு அறையில் மைக்கை வைத்து, யாராவது ஒருவரை அழைத்து உட்காரவைத்து, ஒரு மணி இரண்டு மணி நேரம் பேசி, அதைப் பாட்காஸ்ட் என்று வெளியிட்டு வருகின்றார்கள். துறைமுகத்து லாரி டிரைவரும், கம்பெனியில் ராத்திரி ஷிப்டு பார்ப்பவரும், வலை பின்னுகிறவரும் கைப்போனில் அதைக் கேட்கின்றார்கள். வாசிக்கப் பழக்கமும், கூட்டத்திற்கு வர நேரமும் இல்லாதவர்களுக்கு இது ஒரு பெரிய சாதனம் என்பதை நாம் மனமார ஒப்புக்கொள்கின்றோம். ஆனால் சாதனம் பெரிதாக ஆக, அதைக் கையாளுகிறவனுடைய பொறுப்பும் பெரிதாக வேண்டுமா, வேண்டாமா என்பதே நமது கேள்வி.

இத்தோழர்களில் பலர் ஒரு சமாதானம் சொல்லுகின்றார்கள். "நான் கேள்வி கேட்பவன்தான், பதில் சொன்னது வந்தவர், சரியா தப்பா என்பதைக் கேட்பவர்கள் தீர்மானித்துக் கொள்ளட்டும்" என்பதே அது. இது யோக்கியமான சமாதானமாகுமா? அழுகிய மீனை விற்றுவிட்டு, "பிடித்தவன் நானல்ல" என்று ஒருவன் சொன்னால் காசிமேட்டில் யாராவது விடுவார்களா? நமது கூட்டங்களிலாவது கேட்பவன் ஒரு சீட்டு எழுதி அனுப்பிப் பேச்சாளரை அங்கேயே மடக்கலாம். பாட்காஸ்ட் கேட்பவனுக்கு அந்த வசதி இல்லை. அவனுக்காகக் குறுக்குக் கேள்வி கேட்க வேண்டியவர் அந்த அறையில் இருக்கும் பேட்டிக்காரர் ஒருவரே.

கேட்காமல் விட்டால் என்னவாகும்? 2018-ம் வருஷம் ஜூலை மாதம் திருப்பூரில் ஒரு பெண்மணி, யூட்யூபைப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் செய்துகொள்ள முயன்று உயிரிழந்தார். அடுத்த மாதமே, வீட்டுப் பிரசவத்திற்குப் பயிற்சி கொடுப்பதாக விளம்பரம் செய்த ஒருவர் கோவையில் கைதானார். "எத்தனை பேர் இப்படிப் பெற்றார்கள்? எத்தனை பேர் செத்தார்கள்? ரத்தம் நிற்காவிட்டால் என்ன செய்வது?" என்ற மூன்று கேள்விகளைக் கேட்காமல் வைத்தியப் பேச்சை வெளியிடுகிறவர், விஷப் புட்டியை லேபிள் இல்லாமல் விற்கிறவருக்கு எந்த விதத்தில் உயர்ந்தவர்?

2024 மே மாதத்தில், பெண் போலீசாரை இழிவாகப் பேசிய ஒரு யூட்யூப் பேட்டிக்காக, பேசினவரோடு பேட்டி கண்டவரும் கைது செய்யப்பட்டார். பேச்சுக்காகச் சிறை என்பதை நாம் ஆதரிக்கவில்லை. அந்தக் கத்தி நாளைக்கு மீனவர் குறையைப் பேசுகிறவன் கழுத்துக்கும் வரும். ஆகவேதான் சர்க்காருக்கு அந்த வேலை வைக்காமல், நம்மை நாமே திருத்திக் கொள்ளவேண்டும் என்கின்றோம்.

நிற்க, நமது ஊர்ச் சங்கதிக்கு வருவோம். 2023 டிசம்பர் ஆரம்பத்தில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் படிந்தது. அதே மாதம் 26-ந் தேதி நள்ளிரவில், கோரமண்டல் உரக் கம்பெனிக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டு, பெரியகுப்பம் முதலிய இடத்து மக்கள் மூச்சுத் திணறிப் பிள்ளை குட்டிகளோடு ஓடினார்கள். காற்றில் கன மீட்டருக்கு 400 மைக்ரோகிராமுக்கு மேல் போகக்கூடாத அமோனியா, கம்பெனி வாசலருகே 2,090 இருந்ததாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே சொல்லிற்று.

இதைப் பற்றி எழுதிய ஒரு குறிப்பில், இரண்டும் ஒரே கம்பெனியின் காரியம்போல் நாம் எழுதிவிட்டோம். குப்பத்துச் சகோதரி ஒருவர் கார்டு போட்டார். "எண்ணெய் வேறு, வாயு வேறு. நீங்கள் இரண்டையும் கலந்து எழுதினால் இரண்டு பேருமே பொய் என்று சொல்லித் தப்பித்துக் கொள்வார்கள். நஷ்டம் எங்களுக்கு" என்று எழுதியிருந்தார். நமக்கு முதலில் கோபமே வந்தது. இவர்களுக்காகத்தானே எழுதினோம், நம்மையே குற்றம் சொல்கிறாரே என்று நினைத்தோம். மறுநாள் திரும்பப் படித்த பிறகு வெட்கப்பட்டோம். அடுத்த இதழின் முதல் பக்கத்திலேயே திருத்திப் போட்டோம். பள்ளிக்கூடம் அதிகம் பாராத நமக்கு அந்தக் கார்டு ஒரு பள்ளிக்கூடமாயிற்று.

ஆகவே, தோழர்களுக்கு நாம் சொல்வது இதுதான். வசவு வேறு, கண்டனம் வேறு. ஜாதியையும் வீட்டுப் பெண்களையும் இழுத்து வைகிறவனுக்குப் பதில் தேவையில்லை. ஆனால், "உன் கணக்குத் தப்பு" என்று ஒருவன் நமது பேட்டைப் பாஷையில் முரட்டுத்தனமாய்ச் சொன்னாலும், முரட்டுத்தனத்தைத் தள்ளிவிட்டுக் கணக்கைப் பாருங்கள். தப்பு என்று கண்டால், தப்பைச் சொன்ன அதே இடத்தில், அதே சத்தத்தில் திருத்தத்தையும் சொல்லுங்கள். சந்தடியில்லாமல் அந்தத் துண்டை வெட்டியெடுத்துவிடுவது திருத்தமாகாது. முன்பே கேட்டுவிட்டவன் காதிலிருந்து அதை வெட்ட முடியுமா? துக்கப்பட்டவர்களை அழும்வரை கேள்வி கேட்டு, அந்த அழுகையையே தலைப்பாகப் போட்டுக் கூட்டம் சேர்க்காதீர்கள். ஒரு கம்பெனியிடம் விளம்பரப் பணம் வாங்கினால், அந்தக் கம்பெனியைப் பற்றிப் பேசுமுன் அதைச் சொல்லிவிடுங்கள்.

இது சிறியவர்களுக்கு மாத்திரம் சொல்லும் புத்தியல்ல. அமெரிக்காவில் ஜோ ரோகன் என்ற பிரபல பாட்காஸ்ட்காரரின் கொரோனாப் பேச்சைக் கண்டித்து, 2022 ஜனவரியில் டாக்டர்களும் விஞ்ஞானிகளுமாகச் சுமார் 270 பேர் ஸ்பாட்டிஃபை கம்பெனிக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். நீல் யங் என்ற பாடகர் தம் பாட்டுகளையே அங்கிருந்து எடுத்துக்கொண்டார். அதன் பிறகே, மாறுபட்ட அபிப்பிராயமுள்ள நிபுணர்களையும் அழைக்க முயல்வதாக ரோகன் சொன்னார். இந்தப் புத்தி முதல் நாளே வந்திருந்தால் எவ்வளவு நன்மை!

நாம் எழுதுவதையும் யாரும் அப்படியே நம்பவேண்டியதில்லை. இதிலும் தப்பிருந்தால் ஒரு கார்டு போடுங்கள். இந்த இடத்திலேயே வெளியிடுகின்றோம்.