கேமராவைக் கெடுப்பது பீரோதான்

ஜூன் பிறந்ததும் மும்பையின் ஈரப்பதம் எண்பது விழுக்காட்டைத் தாண்டும்; செப்டம்பர் முடியும்வரை பெரும்பாலும் இறங்காது. பாண்டுப் போன்ற இடத்தில் இது இன்னும் கூடுதலாகத் தெரியும். மேற்கே காடும் விஹார் ஏரியும், கிழக்கே உப்பளமும் தானே கழிமுகமும், நடுவில் நெருக்கமாகக் கட்டிய வீடுகள். துவைத்த துணி மூன்று நாளானாலும் காயாத இந்த மாதங்களில், வீட்டில் தாத்தாவோ பெரியப்பாவோ விட்டுச்சென்ற பழைய கேமரா ஒன்று இருந்தால் அதை என்ன செய்கிறோம்? தோலுறையில் போட்டு, மேலே பழைய வேட்டித் துணியைச் சுற்றி, பக்கத்தில் இரண்டு பாச்சை உருண்டையும் போட்டு, ஸ்டீல் பீரோவின் அடித்தட்டில் வைத்துப் பூட்டுகிறோம். அக்கறையோடுதான் செய்கிறோம். ஆனால் அந்தக் கேமராவை மழையைவிட விரைவாக அழிப்பது இந்த ஏற்பாடுதான். ஒரு பிலிம் கேமராவை, குறிப்பாக மீடியம் ஃபார்மட் ரேஞ்ச்ஃபைண்டரை, காப்பாற்ற வேண்டுமென்றால் அதில் படம் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதே என் வாதம்.

எந்தக் கேமராவைச் சொல்கிறேன் என்பதை விளக்கிவிடுகிறேன். கோடக் நிறுவனம் 1901-ல் கொண்டுவந்த 120 சுருள், பின்னால் காகிதம் ஒட்டி வருவது, இன்றும் விற்பனையில் உள்ளது. அதில் பதியும் படம் ஆறுக்கு ஆறு, ஆறுக்கு ஏழு, ஆறுக்கு ஒன்பது சென்டிமீட்டர் என்று கேமராவுக்குக் கேமரா மாறும். ஆறுக்கு ஏழு என்றால் சாதாரண 35 மி.மீ. படத்தைப்போல நாலரை மடங்கு பரப்பு. அந்தச் சுருளைப் போட்டு, லென்ஸ் வழியாகப் பார்க்காமல் தனிச் சன்னல் வழியாகத் தூரத்தை அளந்து படமெடுப்பவை இந்த ரேஞ்ச்ஃபைண்டர்கள். துருத்தி வைத்து மடிக்கும் ஸைஸ் சூப்பர் ஐகோன்டா, அக்ஃபா ஐசோலெட் 3 ஆகியவை பழைய தலைமுறை. ஃபுஜியின் ஆறுக்கு ஒன்பது கேமராக்களும், 1995-ல் வந்த மமியா 7-ம் பிந்திய தலைமுறை. பெரிய நிறுவனம் எதுவும் இன்று இவற்றைச் செய்வதில்லை. இருப்பது கெட்டால் புதிதாக வாங்க வழியில்லை என்பதால்தான் பராமரிப்பு பேசத்தக்க விஷயமாகிறது.

பீரோவுக்குள் நடப்பதைப் பார்ப்போம். பூஞ்சைக்கு வேண்டியது மூன்று: ஈரம், இருட்டு, அசையாத காற்று. மூன்றும் அங்கே குறைவில்லாமல் கிடைக்கின்றன. தோலுறை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அதுவே பூஞ்சைக்குத் தீனியும் ஆகும். லென்ஸில் சிலந்தி வலைபோலப் படரும் இழைகள் தொடக்கத்தில் துடைத்தால் போய்விடும். ஆண்டுக்கணக்கில் விட்டால் அவை கக்கும் அமிலம் கண்ணாடியின் மேற்பூச்சை அரித்து, பிறகு கண்ணாடியையே அரிக்கும். அதற்கு மருந்து கிடையாது. பாச்சை உருண்டையை கேமராவுக்கு அருகில் வைக்காதீர்கள் என்று கேமரா நிறுவனங்களே கையேட்டில் அச்சிட்டிருக்கின்றன. அந்தப் பக்கத்தை யாரும் படிப்பதில்லை. பட்டுப்புடவைக்கு ஆகும் மருந்து லென்ஸுக்கு ஆகாது. இதற்கிடையே உள்ளே இருக்கும் மசகு அதன்பாட்டுக்கு இறுகுகிறது. பழைய அக்ஃபா மடிப்பு கேமராக்களில் போட்ட மசகு பச்சைப் பசையாகி, ஃபோகஸ் வளையத்தை அசைக்கவே முடியாமல் கட்டிப்போடுவது பழுது பார்ப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை. ஷட்டரின் மெதுவான வேகங்களுக்கும் இதே கதிதான்: ஒரு விநாடி என்று வைத்தால் இரண்டு விநாடி திறந்திருக்கும், அல்லது திறந்தது மூடாது.

எடுத்துப் பயன்படுத்தினால் இவற்றில் பெரும்பகுதி தானாகவே நீங்குகிறது. லென்ஸில் வெயில் படுகிறது. பூஞ்சைக்கு வெயில் ஆகாது. ஷட்டரை மாதம் ஒருமுறை எல்லா வேகத்திலும் இயக்கினால் மசகு இளகி இருக்கும். பழைய காம்பூர் ஷட்டரானால் உச்ச வேகத்தை முதலில் வைத்துவிட்டுப் பிறகுதான் விசையை இழுக்க வேண்டும். தானியங்கித் தாமத நெம்புகோலைத் தொடாமலிருப்பது உத்தமம், சிக்கினால் ஷட்டரே நின்றுவிடும். இவற்றையெல்லாம் மனப்பாடம் செய்து நினைவில் வைக்க முடியாது, கை பழகினால்தான் வரும். எல்லாவற்றையும்விட, ரேஞ்ச்ஃபைண்டர் பிசகியிருப்பது பயன்படுத்துபவருக்கு மட்டுமே தெரியும். நடுவில் தெரியும் மங்கலான கட்டத்தில் ஒரு பொருள் இரண்டாகத் தோன்றும், வளையத்தைத் திருப்ப இரண்டும் ஒன்றாகும், அங்கே ஃபோகஸ். உள்ளே சிறு கண்ணாடிகளும் நெம்புகோலும்தான் இந்த வேலையைச் செய்கின்றன. ஒரு தட்டுப் பட்டாலும் கணக்கு தப்பும். சோதிப்பது எளிது. வளையத்தை முடிவிலிக்குத் திருப்பிவிட்டு, பாண்டுப் கிழக்கிலிருந்து உப்பளப் பக்கம் தெரியும் மின்கோபுரத்தையோ, ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள அடுக்குமாடியின் விளிம்பையோ பாருங்கள். இரண்டு கோடு தெரிந்தால் கேமரா பொய் சொல்கிறது என்று பொருள்.

வெளியே கொண்டுபோனால்தானே அடிபடும், உள்ளே இருந்தால் என்ன ஆகும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். லோக்கல் ரயில் நெரிசலில் கழுத்தில் தொங்கவிட்டுப் போகச் சொல்லவில்லை. ஆனால் கீழே விழுந்து நெளிந்த உடலையும் பிசகிய ரேஞ்ச்ஃபைண்டரையும் சரிசெய்ய வழியுண்டு. அரிபட்ட கண்ணாடிக்கு இல்லை. திரும்பி வந்ததும் எங்கே வைப்பது என்பதும் முக்கியம். இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா, ஒரு பொட்டலம் சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சிறு மானி, இவ்வளவு போதும். முள் நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் இடையில் நிற்கட்டும்; அதற்குக் கீழே மிகவும் இறங்கினால் தோலும் பசையும் காய்ந்து உரியும். ஜெல் நிறம் மாறினால் வாணலியில் சூடாக்கி மறுபடி போடலாம். ஆனால் அது சமையலுக்கு ஆகாத வாணலியாக இருக்கட்டும். நிறம் மாறும் ஜெல்லில் ரசாயனம் கலந்திருக்கும். அரிசிக்குள் புதைத்து வைப்பது வேண்டாம். ஈரம் போகிறதோ இல்லையோ மாவுத் தூள் உள்ளே போகும்.

அடுத்த ஆட்சேபம் காசு. கலர் சுருள் ஒன்று ஆயிரம் ரூபாயைத் தாண்டுகிறது, அதில் ஆறுக்கு ஏழு என்றால் பத்தே படம். கழுவி ஸ்கேன் செய்யும் கூலி வேறு. இந்தச் சுமைக்குப் பின்னால் நம் பக்கத்து வரலாறு ஒன்றும் இருக்கிறது. இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 1960-ல் தொடங்கப்பட்டு, 1967 முதல் உதகமண்டலத்தில் 'இந்து' பெயரில் கறுப்பு வெள்ளைப் பிலிம் தயாரித்தது. தூசியில்லாத குளிர்ந்த காற்றுக்காகவே அந்த மலையைத் தேர்ந்தெடுத்தார்கள். தொண்ணூறுகளில் நலிந்த அந்த ஆலை பிறகு மூடப்பட்டது. இன்று ஒவ்வொரு சுருளும் இறக்குமதி. ஆனாலும் என் வாதத்துக்கு வாரம் ஒரு சுருள் தேவையில்லை. ஆண்டுக்கு நான்கு கறுப்பு வெள்ளைச் சுருள் போட்டாலே கேமரா உயிரோடிருக்கும். இடைப்பட்ட மாதங்களில் பிலிமில்லாமல் ஷட்டரைச் சொடுக்கினாலும் போதும். கறுப்பு வெள்ளையை வீட்டிலேயே கழுவலாம். மும்பைக் குழாய்த் தண்ணீர் கோடையில் முப்பது டிகிரியைத் தொடும், கரைசலுக்கு வேண்டியது இருபது. ஐஸ் கட்டி போட்ட பாத்திரத்துக்குள் கரைசல் டப்பாவை நிறுத்தினால் அந்தப் பிரச்சினையும் தீரும்.

கைபேசி இருக்கும்போது எதற்கு இந்தப் பாடு என்பது கடைசிக் கேள்வி, எல்லோரும் முதலில் கேட்பதும் அதுவே. இருட்டிலும் வேகத்திலும் வசதியிலும் கைபேசி எங்கோ போய்விட்டது. அதை மறுப்பது வீம்பு. பிலிமில் ஆன்மா இருக்கிறது என்ற பேச்சிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. நெகட்டிவ் ஒன்று மட்டும் உறுதியாகத் தரும்: அதைப் பார்க்க வெளிச்சம் போதும். கடவுச்சொல், மாதச் சந்தா, பழுதான ஹார்ட் டிஸ்க் எதுவும் குறுக்கே வராது. தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் முதல் தலைமுறை முகங்கள் இன்று நம்மிடம் இருக்கின்றன என்றால், யாரோ ஒரு ஸ்டூடியோக்காரர் அவற்றைப் பிலிமில் பதித்ததால்தான். ஐம்பது ஆண்டுக்குப் பிறகு இந்தத் தலைமுறையின் முகம் எங்கே இருக்கும் என்று கேட்டால் கைபேசிக்காரர்களிடம் திட்டவட்டமான பதில் இல்லை. குடும்பத்துக்கு ஆண்டில் நாற்பது படமாவது நெகட்டிவாக இருப்பது அதிகப்படி ஆசையாகத் தெரியவில்லை.

இதில் தனிமனிதரால் முடியாத பகுதி பழுது பார்ப்பது. கோட்டைப் பகுதியில் சத்ரபதி சிவாஜி மகாராஜ் ரயில் நிலையத்தை ஒட்டிய போரா பஜாரில் கேமரா வேலை இன்னும் நடக்கிறது. பாண்டுப்பிலிருந்து ஒரே லோக்கலில் போய்விடலாம். ஆனால் ஷட்டரைப் பிரித்துச் சேர்க்கும் தொழில் புத்தகத்தில் இல்லை, கையில் இருக்கிறது. கைக்கு வேலை வந்தால்தான் அது அடுத்தவருக்குப் போகும். நம் பீரோக்களுக்குள் பூட்டிக் கிடக்கும் ஒவ்வொரு கேமராவும் அந்தப் பட்டறைக்கு வராமல் போன ஒரு வேலை. தொழிற்பயிற்சி நிலையங்கள் இதற்குத் தனிப் பாடம் தொடங்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நகரத்துத் தமிழ் அமைப்புகளால் ஒன்று செய்ய முடியும்: மே மாதத்தில் ஒரு ஞாயிறு, மண்டபத்தில் இரண்டு மேசை, கூலி கொடுத்து ஒரு பழுதுபார்ப்பவர். வீட்டிலிருக்கும் கேமராவை எல்லோரும் கொண்டுவரட்டும். எது ஓடும், எதற்குச் செலவு உண்டு, எது அலங்காரத்துக்கு மட்டும் என்று அவர் சொல்லிவிடுவார். இருட்டறையில் துருத்திக்குள் டார்ச் அடித்து ஓட்டை பார்ப்பதை அங்கேயே பிள்ளைகளுக்குக் காட்டலாம். ஓடும் கேமராவை வைத்துப் பயன்படுத்த நேரமில்லாதவர், கற்க விரும்பும் ஒரு மாணவருக்கு அதை அடுத்த மழைக்காலம்வரை இரவலாகக் கொடுக்கட்டும். தோலுறையை மட்டும் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம்.