காற்றில் வரும் ஈயத்துக்கு யார் பொறுப்பு?

யூரியா போடாம, மருந்து அடிக்காம விளைவித்த நெல் நஞ்சில்லா நெல் என்று பெருமையாகச் சொல்கிறோம். ஆனால் நாம போடாததும் நம்ம வயலுக்கு வந்து சேர்கிறதே, அதைப் பற்றி எப்போது பேசப் போகிறோம்?

நிலக்கரி எரியும்போது, பழைய பேட்டரியை உருக்கும்போது, குப்பைமேடு தீப்பிடிக்கும்போது ஈயம், காட்மியம், ஆர்சனிக் போன்ற கன உலோகங்கள் நுண்தூசியோடு கிளம்புகின்றன. 2022 ஏப்ரலில் பெருங்குடி குப்பைக்கிடங்கு நாள்கணக்கில் புகைந்ததை மறந்திருக்க மாட்டீர்கள்.

ஈயம் வேர் வழியாக மேலே ஏறுவது குறைவு; காற்றில் வந்து தாளிலும் கதிரிலும் படிவதுதான் அதிகம். காட்மியம் மண்ணில் விழுந்தபின் வேர் வழியாகவே அரிசிவரை ஏறிவிடும். ஜப்பானில் ஜின்சு ஆற்றுப் பாசன அரிசியில் சேர்ந்த காட்மியம் எலும்பை நொறுக்கும் நோயாக மாறியது. அங்கே சுரங்கக் கழிவு தண்ணீரில் வந்தது. இங்கே காற்றிலும் வரலாம்.

பூச்சிமருந்து பெரும்பாலும் நாளடைவில் சிதையும். அதனால்தான் சான்றிதழுக்கு முன் மாற்றுக் காலம் வைத்திருக்கிறார்கள். உலோகம் சிதையாது. தொழுவுரம் அதை ஓரளவு பிடித்து வைக்கும், வெளியேற்றாது. கதிர் முற்றும் நேரத்தில் வயலைக் காயவிட்டால் காட்மியம் கூடும். தண்ணீர் கட்டியே வைத்தால் ஆர்சனிக் கூடும். உழவர் தனியாகச் சமாளிக்கிற விஷயமா இது?

செய்யூரில் 4,000 மெகாவாட் அனல்மின் நிலையம் கொண்டுவரப் பார்த்தார்கள். விவசாயிகளும் மீனவர்களும் எதிர்த்தார்கள்; அது கட்டப்படவில்லை. நிலம் கொடுக்க வேண்டிய ஊர்களுக்கு மட்டுமான சண்டை இல்லை அது. கடற்காற்று அடித்தால் புகை மதுராந்தகம் ஏரிப் பாசனப் பக்கம்தானே போகும்?

2009இல் வந்த தேசியக் காற்றுத் தர அளவுகோலில் 12 மாசுகள் உள்ளன. ஈயம், ஆர்சனிக், நிக்கல் உண்டு. காட்மியமும் பாதரசமும் இல்லை. பட்டியலில் இல்லாததை யார் அளப்பார்கள்?

ஆகவே நாம கேட்க வேண்டியது இதுதான். அந்த இரண்டையும் பட்டியலில் சேர்க்கணும். புகை கக்கும் ஆலைக்கு அனுமதி தருமுன் சுற்றுவட்டார மண், வைக்கோல், நெல் மூன்றையும் சோதிக்கணும். பிறகு ஆண்டுதோறும் சோதித்து முடிவை கிராம சபையில் வைக்கணும். செலவு ஆலையுடையது. நெல்லில் ஈயம் இருக்கு என்று வியாபாரி மூட்டையைத் திருப்பி அனுப்பினால், அந்த நட்டமும் ஆலையுடையதுதான், உழவருடையது அல்ல.